கழிமுகத்தில் ஒதுங்கிய உடல்: அக்வாபோரின்-5 உதவுமா?

முதுகலை மாணவி:
போன வாரம் கழிமுகத்தில் ஒதுங்கிய ஒருவரை உடற்கூறாய்வு செய்தோம். மூக்கிலும் வாயிலும் வெண்நுரை. துடைக்கத் துடைக்க மறுபடி வந்தது. நீரில் மூழ்கித்தான் இறந்திருக்கிறார். ஆனால் ஆற்றுப் பாலத்தில் தவறி விழுந்தாரா, கடலில் வலை வீசப் போன இடத்திலா? அவருடைய அண்ணன் கேட்டது அது ஒன்றைத்தான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நுரையீரலின் அக்வாபோரின்-5 மரபணுவை வைத்துச் சொல்லலாம் என்று படித்தேன். நம்பலாமா?

ஆய்வக ஊழியர்:
அந்த மரபணு நம் எல்லோருக்கும் 12-ஆம் குரோமோசோமில் உண்டு. இறப்பால் அது மாறுவதில்லை. சாகும் நேரத்தில் அது எவ்வளவு வேலை செய்தது என்பதைத்தான் அளக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற போலீஸ் சர்ஜன்:
அம்மா, அக்வாபோரின் என்பது செல்லின் சவ்வில் தண்ணீருக்கென்றே உள்ள வாசல். 1992-இல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரே குழுவினர் தவளையின் முட்டைச் செல்லில் முதல் அக்வாபோரினை உண்டாக்கி, உப்புக் குறைந்த நீரில் விட்டார்கள். குளத்தில் சும்மா கிடக்கும் முட்டை, சில நிமிடங்களில் ஊதி வெடித்தது. ஐந்தாவது வகை நம் நுரையீரலின் காற்றறைச் சுவரில் இருக்கிறது.

நன்னீர் உள்ளே போனால் ரத்தத்துக்குள் பாயும். கடல்நீரோ ரத்தத்திலிருந்து நீரை இழுக்கும். ஜப்பானின் வாகயாமா ஆய்வாளர்கள் 2009-இல் எழுதினார்கள்: நன்னீரில் மூழ்கியவர்களின் நுரையீரலில் அக்வாபோரின்-5, கடல்நீரில் மூழ்கியவர்களைவிடக் குறைவு. ரத்தம் நீர்த்துப்போகாமல் இருக்க உடம்பே வாசலைச் சாத்தப் பார்த்ததாம். அந்தக் கடைசி நிமிடங்களிலும் உயிர் அப்படிப் போராடியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஆனால் கழிமுகத்தில் ஆறும் கடலும் கலந்தே கிடக்கும். உடல் அழுகியிருந்தால், மரபணு எவ்வளவு வேலை செய்தது என்று காட்டும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறும் சிதைந்துபோயிருக்கும். இதை மட்டும் நம்பி அறிக்கை எழுதாதே. தொடை எலும்பு மஜ்ஜையில் டையாட்டம் பார்; அது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, மூழ்கும்போது நீரோடு நுரையீரலுக்குள் போய் ரத்தம் வழியே அங்கே சேரும். எந்த வகைப் பாசி என்பதுதான் இடத்தைக் காட்டும். ஒப்பிட இரண்டு பக்கத்துத் தண்ணீரும் வேண்டும். ஒரு குளத்து வழக்கில் நான் நீர் எடுத்துவைக்க மறந்துவிட்டேன். அன்றிரவே பெருமழை, குளம் நிரம்பி வழிந்தது. அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

முதுகலை மாணவி:
தொடை எலும்பு பத்திரமாக இருக்கிறது சார். நுரையீரல் துண்டும் ஃபார்மலினில் இருக்கிறது. தண்ணீர்தான் எடுக்கவில்லை. நாளைக் காலை காவலரோடு போய், பாலத்தடியிலும் முகத்துவாரத்துக்கு வெளியேயும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்துவிடுகிறேன்.