இரண்டாவது விருப்பம் யாருக்கு? 2020 ஜனநாயகக் கட்சி உட்தேர்தலில் ஓட்டு கைமாறிய விதம்

அமெரிக்க அதிபர் தேர்தலுக்குக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது உட்தேர்தலில். அதில் ஆதரவு ஒரு வேட்பாளரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதைக் கண்ணால் பார்க்க முடிந்த இடம் அயோவா மாநிலத்தின் காகஸ்: கட்சிக்காரர்கள் வட்டாரம் வட்டாரமாகக் கூடி, வேட்பாளர் வாரியாகக் குழுவாக நிற்கும் கூட்டம். 2020 பிப்ரவரி 3 அன்று இருந்த விதிகளைச் சொல்கிறேன். வந்தவர்களை முதலில் எண்ணுவார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் பிரதிநிதிகள் (கட்சியின் அடுத்த கட்ட மாநாட்டுக்குப் போகிறவர்கள்) உள்ள வட்டாரத்தில், வந்தவர்களில் 15 சதவீதம் கிடைத்த வேட்பாளரே நிலைப்பார். மற்றவர்களின் குழு கலைந்து, அதில் இருந்தவர்கள் இரண்டாவது சுற்றில் வேறு பக்கம் போகலாம். மூன்று பிரதிநிதி என்றால் ஆறில் ஒரு பங்கு, இரண்டு என்றால் கால் பங்கு. பின்னம் வந்தால் மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும்: 132 பேரில் 15 சதவீதம் 19.8, ஆகவே 20 பேர் தேவை. 19 பேர் நின்றால் அந்தக் குழு கலைய வேண்டும், அல்லது ஒருவரையாவது இழுத்து வர வேண்டும்.

கணக்குக்காக ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7 பிரதிநிதிகள், 132 பேர். முதல் சுற்றில் அ 45, ஆ 34, இ 19, ஈ 18, உ 16. ஈ, உ இரண்டும் கலைந்து அந்த 34 பேரில் 2 பேர் அ பக்கமும், 14 பேர் ஆ பக்கமும், 12 பேர் இ பக்கமும் போகிறார்கள். 6 பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இப்போது அ 47, ஆ 48, இ 31. ஒவ்வொன்றையும் 7-ஆல் பெருக்கி 132-ஆல் வகுத்தால் 2.49, 2.55, 1.64. முடிவு: அ-வுக்கு 2, ஆ-வுக்கு 3, இ-க்கு 2. முதல் சுற்றில் 11 பேர் வித்தியாசத்தில் முன்னால் நின்ற அ பின்தங்கிவிட்டார். கிளம்பிப்போன 6 பேரும் வகுக்கும் எண்ணில் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள்.

* * *

மேலே உள்ளதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 2020-இல் முதல் சுற்றிலேயே நிலைத்த குழுவில் இருந்தவர் இடம் மாற முடியாது. அவருடைய விருப்பச் சீட்டு (முன்பக்கம் முதல் சுற்றின் தேர்வு, பின்பக்கம் இரண்டாவது சுற்றின் தேர்வு) அங்கேயே பூட்டப்பட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாலும் ஓட்டு எண்ணப்படும். கலைந்த குழுக்காரர் போனால்தான் இழப்பு. சீட்டின் பின்பக்கம் வெற்றாக இருந்தால் அவருக்கு இரண்டாவது சுற்றில் ஓட்டே இல்லை. அதனால் குழுத்தலைவர்கள் செய்ய வேண்டியிருந்த முதல் வேலை, முதல் எண்ணிக்கை முடிந்த கையோடு கலையப்போகும் குழுவின் பக்கத்தில் போய் நிற்பது. கொள்கை விளக்கமெல்லாம் அந்த நேரத்தில் எடுபடாது. "எங்களுக்கு இன்னும் ஒரே ஒருவர் வேண்டும்" என்ற கணக்குதான் ஆளை நகர்த்தும்.

மாநிலம் முழுக்க என்ன நடந்தது என்று பாருங்கள். சாண்டர்ஸ் முதல் சுற்றின் 43,581 ஓட்டிலிருந்து இரண்டாவது சுற்றில் 45,652-க்கு ஏறினார். புட்டிஜெஜ் 37,572-இலிருந்து 43,209. வாரன் 32,589-இலிருந்து 34,909. பைடன் 26,291-இலிருந்து 23,605-க்கு இறங்கினார். பல வட்டாரங்களில் அவர் 15-ஐத் தொடவில்லை என்பதுதான் காரணம். இரண்டு சுற்றிலும் ஓட்டில் முன்னால் இருந்தவர் சாண்டர்ஸ். ஆனால் கட்சியின் தேசிய மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேசியப் பிரதிநிதிகளில் புட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. ஊர்ப்புற வட்டாரங்களில் பரவலாக ஆதரவு இருந்தது புட்டிஜெஜுக்குக் கைகொடுத்தது. ஒரே நகரத்தில் ஆயிரம் பேர் கூடுதலாகத் திரண்டாலும் அந்த வட்டாரத்துக்கு ஒதுக்கிய பிரதிநிதிகள் கூடப்போவதில்லை.

* * *

நெவாடாவையும் சேர்த்துப் பேசினால்தான் படம் முழுமையாகும். அங்கே 2020 காகஸ் பிப்ரவரி 22. முன்கூட்டிய ஓட்டு 15 முதல் 18 வரை. முன்கூட்டி வந்தவர் குறைந்தது மூன்று பெயரை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. முதல் விருப்பம் நிலைக்காவிட்டால் சீட்டு வரிசையில் அடுத்து நிலைத்தவருக்குப் போனது. மூன்றுக்குக் குறைவாக எழுதினாலோ கையெழுத்து விட்டுப்போனாலோ சீட்டு செல்லாமல் போனது. ஒரே பெயரை எழுதிவிட்டு அது போதும் என்று நினைத்தவர்கள்தான் இதில் மாட்டினார்கள்.

சாதாரண பிரைமரியில், அதாவது கூட்டம் இல்லாமல் வாக்குச்சீட்டில் ஓட்டுப் போடும் உட்தேர்தலில், இந்த வசதி கிடையாது. கலிபோர்னியாவில் தபால் ஓட்டு பிப்ரவரி 3-இலேயே தொடங்கிவிட்டது. பிப்ரவரி 26-இல் தென் கரோலினாவின் செல்வாக்குள்ள நாடாளுமன்ற உறுப்பினர் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். 29-இல் தென் கரோலினாவில் பைடனுக்கு 48 சதவீதத்துக்கு மேல், சாண்டர்ஸுக்கு 20-க்குச் சற்றுக் கீழே. மார்ச் 1-இல் புட்டிஜெஜ் விலகினார், 2-இல் குளோபுசார் விலகினார், அன்றிரவே இருவரும் டல்லாஸில் பைடன் பக்கம் வந்தார்கள். மறுநாள் 14 மாநிலங்களில் தேர்தல், பைடனுக்கு 10. ஆனால் தபாலில் ஏற்கெனவே புட்டிஜெஜுக்குப் போட்டவர்களின் ஓட்டு அவர் பெயரிலேயே எண்ணப்பட்டது. முன்கூட்டிய ஓட்டு அதிகமுள்ள கலிபோர்னியாவில் சாண்டர்ஸ் 36, பைடன் 28 சதவீதம்.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது: பிரைமரியிலும் 15 சதவீத வரம்பு உண்டு. மாநில அளவில் ஒருமுறை, ஒவ்வொரு நாடாளுமன்ற (காங்கிரஸ்) தொகுதியிலும் தனியாக ஒருமுறை. கலிபோர்னியாவில் வாரனுக்கு 13 சதவீதம், புளூம்பெர்குக்கு 12. மாநில அளவிலான பிரதிநிதி இருவருக்கும் கிடைக்கவில்லை. தொகுதி அளவில் வரம்பைத் தாண்டிய இடத்தில் மட்டும் கிடைத்தது.

* * *

கருத்துக்கணிப்பு பார்ப்பவர்களுக்கு: முதல் விருப்பத்தின் பட்டியல் மட்டும் இருந்தால் போதாது. இரண்டாவது விருப்பம், "முடிவை மாற்றக்கூடும்" என்றவர்களின் பங்கு, இரண்டும் வேண்டும். 2019 ஜூன் 27 மயாமி விவாதத்துக்குப் பிறகு கமலா ஹாரிஸ் வேகமாக ஏறினார். டிசம்பர் 3-இல் போட்டியிலிருந்தே விலகினார். அந்த ஏற்றத்தில் உறுதியான ஆதரவு எவ்வளவு என்பதை முதல் விருப்ப எண் காட்டாது.

முன்கூட்டி ஓட்டுப் போடுகிறவர்கள் தங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள். 2020-இல் மினசோட்டாவில் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு வரை தபால் ஓட்டைத் திரும்பப் பெற்று மாற்றிப் போடலாம். ஆனால் குளோபுசார் விலகியது தேர்தலுக்கு முந்தைய நாள். அது அவருடைய சொந்த மாநிலம் வேறு. அவருக்குப் போட்டவர்களுக்கு அந்தக் கெடு ஏற்கெனவே முடிந்திருந்தது.