வெள்ளவத்தை பிளட்டுக்கு எந்தப் பூனை சரிவரும்?

நாலாம்மாடி:
வணக்கம். வெள்ளவத்தையில் நான்காம் மாடி, இரண்டு அறை, கடல் பக்கம் சின்னதாக ஒரு பல்கனி. நானும் அவரும் வேலைக்குப் போய்விடுவோம், பகலில் அம்மாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு மகனும்தான் வீட்டில். மகன் காது மடிந்த ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அதுதான் வேண்டும் என்று ஒரே அடம். அவருக்குப் பெங்கால் ஆசை, புலிக்குட்டி போல இருக்குமாம். எனக்குப் பேர்சியன், மடியில் படுத்துக் கிடந்தால் போதும். அம்மாவுக்கு இரண்டு நிபந்தனை: கத்தக்கூடாது, மகனுக்குக் கொஞ்சம் தொய்வு வருத்தம் (ஆஸ்துமா) இருப்பதால் முடி கொட்டாத இனமாக இருக்க வேண்டும். பகல் முழுக்க ஏசி போட எங்களால் முடியாது, கரண்ட் பில் உங்களுக்கும் தெரியும்தானே. முகநூலில் விற்கிறவர்கள் எல்லாப் பூனையையும் "நல்ல சாது" என்றே எழுதுகிறார்கள். வளர்த்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

சீப்பும்கையும்:
தெஹிவளையில் இரண்டு பேர்சியன் வளர்க்கிறேன், ஒரு கடுவன், ஒரு பெட்டை. குணத்தில் குறையே சொல்ல மாட்டேன். திரைச்சீலையில் ஏறாது, சாமான் தட்டிவிடாது, ஆட்கள் வந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பப் படுக்கும், சத்தம் என்றால் சாப்பாட்டு நேரத்தில் மெல்லிய ஒரு முனகல். ஆனால் பூனைதான் சோம்பேறி, வளர்க்கிறவருக்குச் சோம்பல் சரிவராது. ஒவ்வொரு நாளும் சீவ வேண்டும், ஒன்றிரண்டு நாள் விட்டால் காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும் முடி சடை பிடித்து, பிறகு மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் மழித்துக்கொண்டு வருவதுதான் வழி. மூக்கு உள்ளே அமுங்கிய முகம் என்பதால் கண்ணீர் போகும் குழாய் வளைந்துவிடுகிறது, கண்ணுக்குக் கீழே மண்ணிறக் கறை, காலையில் துடைக்காமல் வேலைக்குப் போக முடியாது.

உங்கள் கேள்வியில் முக்கியமான இடம் ஏசி. பூனைக்கு வியர்ப்பது பாதத்தில்தான், மற்றபடி உடம்பை நக்கி நக்கித்தான் குளிர்விக்கும். தட்டை முகப் பூனைக்கு மூச்சு விடுவதே பாடு, அதற்கு மேல் இந்தக் கம்பளி. சித்திரை வெயிலில் என்னுடையது இரண்டும் குளியலறைத் தரையை விட்டு எழும்பாது. நாய் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பூனையில் அது சாதாரணம் இல்லை, உடனே காட்ட வேண்டும். ஈரக் காலத்தில் தோலில் படர்தாமரை வந்தால் அது பிள்ளைகளுக்கும் தொற்றும். அப்படியும் பேர்சியன்தான் என்றால் மூக்கு கொஞ்சம் நீண்ட, 'டோல் ஃபேஸ்' என்கிற வகையைப் பாருங்கள், தாய் தகப்பனுக்குச் சிறுநீரகக் கட்டி நோய்க்கான டி.என்.ஏ பரிசோதனை செய்திருக்கிறதா என்று கேளுங்கள். பேர்சியனில் பரம்பரையாக வரும் நோய் அது.

கறுப்புவால்:
அக்கா, மகனிடம் எப்படியாவது பேசி ஃபோல்டை மறக்கப் பண்ணுங்கள். 1961இல் ஸ்கொட்லாந்தில் ஒரு பண்ணையில் கண்டெடுத்த சூசி என்ற வெள்ளைப் பூனையின் வம்சம்தான் எல்லாம். காது மடிவது குருத்தெலும்பில் இருக்கும் பிழையால். அந்தப் பிழை காதோடு நிற்பதில்லை, வாலிலும் கால் மூட்டிலும் எலும்பு தடித்து, சிலதுக்கு இளம் வயதிலேயே நடக்க நோகும். பிரிட்டனின் பெரிய பூனைப் பதிவுச் சங்கம் 1970களிலேயே இந்த இனத்தைப் பதிவதை நிறுத்திவிட்டது. குணம் அருமை, அமைதி, பாசம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நோவினால் குதிக்காமல் இருக்கிற பூனையையும் நாங்கள் சாது என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

பெங்காலைப் பற்றி அண்ணாவிடம் சொல்லுங்கள்: அது ஆசியச் சிறுத்தைப் பூனை என்கிற காட்டுப் பூனையோடு வீட்டுப் பூனையைச் சேர்த்து எடுத்த இனம். நல்ல மூளை, அதுதான் தொல்லை. அலுமாரிக் கதவு திறக்கும், தண்ணீரில் விளையாடும், ஓட இடம் கேட்கும், கவனிக்காவிட்டால் கத்தும். அம்மா பாவம்.

சயாமீஸ் யாராவது கொண்டுவந்து காட்டினால் மயங்கிவிடாதீர்கள். பாசத்தில் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் நாள் முழுக்கக் கதைக்கும், குழந்தை அழுவது போன்ற குரலில், பக்கத்து பிளட்காரர் வந்து கதவைத் தட்டுமட்டும். அதன் நிறத்தில் ஒரு விசேஷம் உண்டு, உடம்பில் குளிர்ந்த இடம்தான் கறுக்கும், அதனால் குட்டி வெள்ளையாகப் பிறந்து காது, மூக்கு, வால் நுனி பிறகு கறுக்கும். எங்கள் சூட்டில் உடம்பு வெளிறியே இருக்கும், அதைப் பார்த்து "கலப்பு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மடியில் படுக்கிற பூனை என்றால் ரக்டோல்தான். தூக்கினால் துணிப்பொம்மை போலத் தொய்ந்து விழும், பெயரே அதனால் வந்தது. பிரிட்டிஷ் ஷோர்ட்ஹெயர் அமைதியானது, ஆனால் தூக்குவதை விரும்பாது, பக்கத்தில் இருக்கும், மேலே ஏறாது. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்விலும் மனிதரோடு ஒட்டுவதில் குறைவாக வந்தது இந்த இனம்தான். அதே ஆய்வு பூனையின் குணத்தில் ஏறக்குறையப் பாதி பரம்பரை என்கிறது. மிச்சத்தை வளர்ப்பில்தான் பார்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்கடுவன்:
அந்த மிச்சப் பாதியைப் பற்றித்தான் விற்கிறவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. குட்டிக்கு இரண்டு கிழமை முதல் ஏழு கிழமை வரைக்கும் மனிதக் கை பட்டிருக்க வேண்டும், சத்தம், பிள்ளைகள், மிக்ஸி எல்லாம் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். கூட்டுக்குள்ளேயே வைத்து விற்ற ரக்டோல் கட்டிலுக்குக் கீழேதான் குடியிருக்கும். படிக்கட்டில் பிறந்து நாலு வீட்டுப் பிள்ளைகள் தூக்கித் திரிந்த ஊர்க்குட்டி உங்கள் தோளில் ஏறும்.

இன்னொன்று. ஊர்ப் பூனை என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், 1984இல் பாவோலோ பெல்லெகட்டா என்ற மிலான் நகரத்து மிருக வைத்தியர் இங்கேயுள்ள பூனைகளை இத்தாலிக்குக் கொண்டுபோய் வளர்த்து, 'சிலோன் பூனை' என்று ஒரு இனமாகவே ஆக்கினார். ஒவ்வொரு முடியிலும் வெளிறலும் கறுப்பும் மாறி மாறி வரும், நெற்றியில் கோலம் போட்டதுபோல ஒரு குறி, மெலிந்த உடம்பு, பெரிய காது. புறக்கோட்டையில் அரிசி மூட்டைக்கு மேல் படுத்திருக்கிற சிலதைப் பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். கட்டை முடி, இந்தச் சூட்டுக்கென்றே ஆன உடம்பு, ஒரு நெத்தலிக்கு வீட்டையே எழுதிக் கொடுக்கும்.

என் அபிப்பிராயம், குட்டியே வேண்டாம். தெருப் பூனைகளை எடுத்து வைத்திருக்கிற ஆட்களிடம் போய், இரண்டு மூன்று வயதான, கருத்தடை செய்த பூனையாகப் பாருங்கள். குட்டியின் குணத்தை ஊகிக்கத்தான் முடியும், வளர்ந்ததின் குணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கத்துமா, மடிக்கு வருமா, பிள்ளை ஓடினால் பதறுமா என்று தரையில் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாலே தெரியும்.

நாலாம்மாடி:
எல்லோருக்கும் நன்றி. ஃபோல்ட் கதை கேட்டு மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு "அப்ப நோகாத பூனை" என்கிறான். ஊர்ப் பூனைக்கு அம்மாவும் தலையாட்டிவிட்டார். தொய்வுக்கு முடி கொட்டாத இனம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? அப்புறம் பல்கனி?

சீப்பும்கையும்:
முடியைப் பார்க்காதீர்கள். ஒவ்வாமையைக் கிளப்புவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் வருகிற ஒரு புரதம், ஃபெல் டி 1 என்பார்கள். முடியே இல்லாத ஸ்பிங்ஸ் பூனையிலும் அது உண்டு, ஆகவே எந்த இனமும் முழுக்கப் பாதுகாப்பு இல்லை. கருத்தடை செய்யாத கடுவனில் அது கூடுதலாக வரும், பெட்டையிலும் கருத்தடை செய்ததிலும் குறைவு. படுக்கையறைக்குள் விடாமல் பழக்குங்கள், முதலில் மகனின் வைத்தியரையும் கேட்டுவிடுங்கள்.

பல்கனிக்கு நைலோன் வலை வேண்டாம், கடித்துவிடும், கம்பி வலைதான். காகத்தைக் கண்டால் நான்காம் மாடி என்று பூனை யோசிக்காது. விசர்நாய்க்கடி ஊசி வீட்டுக்குள் இருக்கிற பூனைக்கும் போட வேண்டும். அம்மாவிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லி வையுங்கள், காய்ச்சல் என்று பனடோலில் துண்டு உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது, பூனைக்கு அது நஞ்சு, ஒரு குளிசையே உயிரை எடுக்கும்.

கொட்டாஞ்சேனைக்கடுவன்:
எடுக்க முதல் மகனை இரண்டு மூன்று தரம் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பூனையோடு இருக்க விடுங்கள். மூச்சு எப்படி என்று பார்த்த பிறகு பெயர் வைக்கட்டும். பெயர் வைத்துவிட்டான் என்றால் பிறகு வைத்தியர் சொன்னாலும் திருப்பிக் கொடுக்க விடமாட்டான்.