மாஸ்டர்கிளாஸுக்குத் தமிழில் என்ன? (அவசரம், நாளை அச்சு)

பாளையங்கோட்டை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த வாரம் எங்கள் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறோம். சிற்பி ஒருவர் கலை, இயற்கை, தொழில்நுட்பம் மூன்றையும் சேர்த்துப் பேசி, அங்கேயே கல்லில் வேலையும் செய்து காட்டுகிறார். அழைப்பிதழ் என் தலையில். 'மாஸ்டர் வகுப்பு' என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். கடைசி பெஞ்சுப் பையன், "பரோட்டாவா டீச்சர்?" என்கிறான். காலை பத்து மணிக்கு அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி எழுதியது:

பையன் மேல் தப்பில்லை. நம்ம ஊரில் மாஸ்டர் என்றால் டீ, பரோட்டா, தையல்தான். 'பணிமனை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், பஸ் டிப்போவுக்குப் போய் நிற்பார்கள். 'ஆசான் வகுப்பு' போதுமே.

களக்காடு தம்பி எழுதியது:

அண்ணாச்சி, எங்கள் பக்கம் ஆசான் என்றால் சிலம்பமும் வர்மமும். பிள்ளைக்குக் கம்பு வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். இன்னொன்று: அந்தச் சொல்லின் பொருளை முதலில் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வைமார் நகரில் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் நடத்திய வகுப்புகளிலிருந்து வந்த முறை இது. மாணவர் வாசிப்பார், குரு திருத்துவார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சிற்பி மட்டும் பேசினால் அது வெறும் சொற்பொழிவு. பிள்ளைகள் உளி பிடிப்பார்களா டீச்சர்?

பாளையங்கோட்டை டீச்சர் எழுதியது:

பத்துப் பேர் மட்டும் பிடிப்பார்கள். மாக்கல்லில்.

திருவனந்தபுரத்திலிருந்து ஐயா (பூர்வீகம் அம்பாசமுத்திரம்) எழுதியது:

ஆசான் வடமொழி 'ஆச்சாரிய'வின் திரிபு, வேண்டாம். நம்மிடம் சொல் இல்லையா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் இருக்கிறான். 'பெருந்தச்சு வகுப்பு' என்று போடுங்கள். தச்சு என்பது 'தை' என்ற வேரில் பிறந்தது என்பேன்: தைத்தல், பொருத்துதல், இணைத்தல். தையல் மாஸ்டரும் அந்த வகையில் நமக்குச் சொந்தக்காரரே.

களக்காடு தம்பி எழுதியது:

ஐயா, பிள்ளைகள் கட்டில் செய்யப் போகிறோம் என்று நினைக்கும். தச்சனுக்கும் வடமொழி 'தக்ஷன்'தான் மூலம் என்று ஒருவர் கிளம்பி வருவார், பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி எழுதியது:

நன்னூல் இலக்கணம் எழுதிய பவணந்தியார் கணக்கை மறந்துவிட்டீர்களே. ஆசானிடம் கேட்பது கால் பங்கு, உடன் பயில்வாரோடு பழகுவது கால், பிறருக்கு எடுத்துரைப்பது அரை. மாஸ்டர்கிளாஸ் இதை விட்டு எங்கே போகிறது? சூத்திரமே 'ஆசான்' என்றுதான் தொடங்குகிறது. பவணந்தியாரைவிடச் சுத்தமா நீங்கள்?

திருவனந்தபுரம் ஐயா எழுதியது:

நன்னூல் பதவியலில் வடசொற்களைத் தமிழாக்கும் வடமொழியாக்கத்துக்கே தனியாக இடம் ஒதுக்கியவர் அவர். அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்!

கழுகுமலையிலிருந்து ஒருவர் எழுதியது:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கல் வேலை. இதற்கென்று நாங்கள் ஒரு பெயரும் சொன்னதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதில் மாமா ஒரு கல்லைத் தட்டினார். கணீரென்றது. "ஆண்கல்." அடுத்ததைத் தட்டினார். ஓசையே இல்லை. "அலிக்கல், தளத்துக்குப் போகும்." அப்புறம் உளியோடு சேர்த்து என் கையைப் பிடித்து ஒரு நூல் சாய்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை. சில்லு அதுவரை முகத்தில் தெறித்துக்கொண்டிருந்தது, அதற்கப்புறம் பக்கவாட்டில் போனது. இப்போது நானும் கம்ப்யூட்டரில் உருவத்தை ஏற்றி சி.என்.சி. இயந்திரத்தில் ஆரம்ப வெட்டை முடிக்கிறேன். தட்டிப் பார்ப்பது மட்டும் கையால்தான். எங்கள் ஊர் வெட்டுவான் கோயிலை மலை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்திருக்கிறார்கள், பாதியில் நிற்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டி வாருங்கள் டீச்சர். முடிந்த சிலையைவிட முடியாத கோயிலில்தான் வேலை எப்படி நடந்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

களக்காடு தம்பி எழுதியது:

அண்ணே, இந்த மடலையே அழைப்பிதழில் போட்டுவிடலாம். 'கைதிருத்தரங்கு' என்றால்?

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி எழுதியது:

கையெழுத்துப் பயிற்சி மாதிரி இருக்கு தம்பி. 'ஆசான் பயிலரங்கு' என்று முடிப்போம். பயிலரங்கு எல்லாருக்கும் பழகிய சொல். மணி பதினொன்றரை.

பாளையங்கோட்டை டீச்சர் எழுதியது:

சரி. தனி மடலில் வந்ததையும் சேர்த்து நாலு பேர் சம்மதம், ஒருவர் மறுப்பு. 'சிற்பியின் ஆசான் பயிலரங்கு' என்று போட்டு, அடியில் சின்ன எழுத்தில் மாஸ்டர்கிளாஸ் என்றும் போடுகிறேன். சிற்பியிடமும் போனில் கேட்டேன். "என்னமும் போடுங்க டீச்சர், மாக்கல்லு எத்தனை மணிக்கு வந்து இறங்கும்?" என்றார்.

திருவனந்தபுரம் ஐயா எழுதியது:

அச்சானாலும் என் மறுப்பு மறுப்புதான். அடியில் சின்ன எழுத்து எதற்கு? தச்சு, தை, தைவரல் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.