மரத் தரையா, மர டிசைன் டைல்ஸா: புதுப்பிப்பு

சென்னையில் எங்கள் வீட்டுக்கு நிஜ மரத் தரை போடலாமா, மரம் போலவே இருக்கும் டைல்ஸ் போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடிவு எடுத்தாச்சு. கீழே முழுக்க டைல்ஸ், மாடியில் ஒரே ஒரு அறைக்கு இன்ஜினியர்டு உட் (பிளைவுட் மாதிரி அடுக்குகளின் மேல் நிஜ மரத் தகடு ஒட்டிய பலகை).

கீழே மரம் வேண்டாம் என்றதற்குக் கரையான் பயம் பாதிக் காரணம். மீதி, அம்மா தினமும் வாளித் தண்ணீரோடு தரை துடைப்பது. அதை யாரும் நிறுத்த முடியாது!

போடும்போதுதான் சுவாரசியம். எடுத்த டைல்ஸ் எட்டு இஞ்ச் அகலம், நாலடி நீளம். மேஸ்திரி செங்கல் கட்டுவதுபோல் பாதிக்குப் பாதி தள்ளிப் போடலாம் என்றார். இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தோம். நடுவில் லேசான வளைவு தெரிந்தது. பாதியில் தள்ளினால் ஒன்றின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் பக்கத்தில் வந்து காலில் இடறும். அதனால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளினோம். டைல்ஸ் இடுக்கை நிரப்பும் கிரவுட்டும் டைல்ஸ் நிறத்திலேயே. வெள்ளை போட்டால் மரம் என்ற மாயை அங்கேயே போச்சு.

அப்புறம், வாங்கும்போது பெட்டிகளைப் பிரித்துப் பாருங்கள். ஒரே மர முடிச்சு டிசைன் பத்து டைல்ஸில் வந்தால் கண்ணை உறுத்தும்.

மாடி மரத்துக்குச் சுவரோரம் சுமார் 10 மி.மீ. இடைவெளி விட்டார்கள். மழைக்காலத்தில் மரம் உப்ப இடம் வேண்டுமாம். சுவரின் அடியோரம் ஒட்டும் பட்டை, அதாவது ஸ்கர்ட்டிங் வேலை இன்னும் பாக்கி.