ஆர்வி-10 விமானத்துக்குச் சொந்த ஹேங்கரும் ஒட்டிய பட்டறையும்: கதவு, தளம், மின்வேலை பற்றி ஆலோசனை தேவை

வடக்கு_டெக்சாஸ் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே, ஓடுபாதையை ஒட்டி வீடுகள் அமைந்த ஓர் ஏர்பார்க்கில் ஏறத்தாழ ஓர் ஏக்கர் மனை வாங்கியிருக்கிறோம். மனையின் பின்புறம், விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் டாக்சிவேயைத் தொடுகிறது. இப்போதைய வீட்டின் கார் கராஜில் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-10 விமானத்தை, பாகங்களாக வாங்கி நாமே இணைக்கும் கிட்டிலிருந்து கட்டி வருகிறேன். வால்பகுதியும் இறக்கைகளும் முடிந்துவிட்டன. உடல்பகுதியைத் தொடங்க அங்கே இடமில்லை என்பதால், வீட்டுக்கு முன்பே, விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரைக் கட்டிவிடலாம் என்று எண்ணுகிறோம்.

என் மனத்தில் இருப்பது 50 அடி அகலமும் 50 அடி ஆழமும் கொண்ட ஹேங்கர், அதன் பக்கவாட்டில் 20 அடி அகலத்தில் சாய்கூரை போட்ட பட்டறை. ஆர்வி-10 தவிர, நண்பர் ஒருவரின் செஸ்னா 182 விமானத்தையும் உள்ளே நிறுத்த வேண்டும். பைஃபோல்டு கதவா, ஹைட்ராலிக் கதவா என்பதில் தெளிவில்லை. பட்டறைக்கு முழுச் சுவர் எழுப்புவது வீண்செலவா, ஹேங்கரின் ஒரு மூலையையே பட்டறையாக்கிக்கொள்ளலாமா என்பது இரண்டாவது கேள்வி. மழைக்காலத்தில் நனையாமல் போய்வர வசதியாக, வீட்டையும் ஹேங்கரையும் ஒரே சுவரில் இணைக்க வேண்டும் என்று என் மனைவி விரும்புகிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இரும்புச்சட்டம்

வணக்கம் நண்பரே. நான் கட்டமைப்புப் பொறியாளர். முதலில் கதவை முடிவு செய்யுங்கள், கட்டடம் அதற்குப் பின்னால் வரட்டும் என்பதுதான் ஹேங்கர் கட்ட வரும் எல்லோரிடமும் நான் வலியுறுத்துவது. பெரும்பாலோர் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று இரும்புக் கட்டடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, பிறகு கதவு நிறுவனத்தைத் தேடிப் போகிறார்கள். அதற்குள் கதவைத் தாங்க வேண்டிய சட்டத்தின் கனம் தீர்மானமாகிவிடுகிறது. அதைத் திருத்தப் போனால் மிச்சம் பிடித்த பணத்தைக் காட்டிலும் கூடுதலாகச் செலவாகும்.

இரண்டு கதவுகளும் கட்டடத்தை இழுக்கும் விதம் வேறு. பைஃபோல்டு கதவு நடுவில் மடிந்து மேலே ஏறுகிறது. அதன் எடையில் பெரும்பகுதி செங்குத்தாக மேல் உத்தரத்தில் இறங்கும். மடிந்த பிறகு அது திறப்பின் மேற்பகுதியிலேயே தொங்குவதால், ஓரடிக்கு மேல் உயரத்தைத் தின்றுவிடும். ஹைட்ராலிக் கதவு ஒரே பலகையாக வெளிப்பக்கம் எழும்பிக் கிடைமட்டமாக நிற்கும். திறப்பு முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும், வாசலில் நிழலும் விழும். ஆனால் திறந்திருக்கும் நேரத்தில் அந்த எடை முழுவதும் கட்டடத்துக்கு வெளியே நீண்டு நிற்பதால், மேல் உத்தரம் வெளிநோக்கி இழுபடும், பக்கத் தூண்களில் வளைவுவிசை கூடும். நீங்கள் கேட்கும் அளவில் எந்தக் கதவும் 2,000 பவுண்டுக்குக் குறைந்து வராது. மரத்தூண் கட்டடத்திலும் ஹைட்ராலிக் கதவு வைக்கலாம். ஆனால் அதைத் தாங்கத் தனி இரும்புச் சட்டம் ஒன்றை அடித்தளம் வரை இறக்கியே ஆக வேண்டும்.

அளவுக்கு வருகிறேன். ஆர்வி-10 விமானத்தின் இறக்கை விரிவு 31 அடி 9 அங்குலம், செஸ்னா 182 விமானத்துடையது 36 அடி. எனவே 44 அடிக்குக் குறையாத தெளிவான திறப்பு வேண்டும். 182 விமானத்தின் வால் ஒன்பதரை அடிக்குச் சற்றுக் குறைவு. 12 அடி உயரம் போதும் என்றாலும், பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் வாங்குபவரின் விமானம் எதுவாக இருக்கும் என்று தெரியாதாகையால் 14 அடியை நான் பரிந்துரைப்பேன். இரண்டும் அருகருகே நிற்க 50 அடி அகலம் போதாது. ஆர்வி-10 விமானத்தின் தாழ்ந்த இறக்கையை 182 விமானத்தின் உயர்ந்த இறக்கையின் கீழ் நுழைத்து நிறுத்துவதே வழக்கம். கட்டக்காகிதத்தில் இரு விமானங்களின் நிழலுருவை அளவுப்படி வெட்டி, வாசல் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்திப் பாருங்கள். எது முதலில் வெளியே வர முடியும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

காற்று பற்றி ஒரு சொல். ஏர்பார்க் என்றாலே திறந்த வெளி. அங்கே காற்றுச்சுமையை மரங்களும் வீடுகளும் அடர்ந்த இடத்துக்கான கணக்கில் போடக்கூடாது. புயலில் பெரிய கதவு பிய்ந்து போனால், அதுவரை மூடிய கட்டடமாக இருந்தது ஒரு பக்கம் திறந்த கட்டடமாகிவிடுகிறது. அமெரிக்கக் காற்றுச்சுமை விதியில் உட்புற அழுத்தக் கெழு (உள்ளிருந்து காற்று தள்ளும் அளவைக் குறிக்கும் எண்) அப்போது 0.18 என்பதிலிருந்து 0.55 ஆக உயர்கிறது. கூரையை உள்ளிருந்து தூக்கி எறிவது அந்த அழுத்தம்தான். ஆகவே கதவின் தாழ்ப்பாளும் பக்கவாட்டுப் பிடிமானமும் கதவைப் போலவே கணக்கிடப்பட்டவையா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரிசல்மண்

மேலே நண்பர் கூறியதோடு மண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டல்லாஸைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி கருப்புக் களிமண். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வீட்டில் இதனால் சுவரில் கீறல் விழும், அவ்வளவுதான். ஹேங்கரில் ஒரு மூலை அரை அங்குலம் உயர்ந்தாலே, மூடிய கதவின் ஒரு முனையில் அடிரப்பர் நசுங்கியிருக்க, மறுமுனையில் வெளிச்சம் தெரியும். அந்த இடுக்கு வழியாக மழைநீரும் எலியும் உள்ளே வரும். எனவே மண்பரிசோதனை செய்யாமல் யாரிடமும் விலைப்புள்ளி கேட்காதீர்கள். தூண்களுக்குக் கீழே, ஈரம் ஏறி இறங்கும் அடுக்கைத் தாண்டிச் செல்லும் துளைத்தூண்களை (மண்ணில் துளையிட்டுக் கான்கிரீட் நிரப்பும் தூண்களை) நான் விரும்புகிறேன்.

தளத்தின் கனத்தை விமானத்தின் எடை தீர்மானிப்பதில்லை. ஆர்வி-10 முழுச் சுமையோடு 2,700 பவுண்டுதான், ஒரு சாதாரணக் கார் அதைவிடக் கனக்கும். மின்விளக்கு மாட்ட வரும் தூக்கிவண்டியும், கிட் பெட்டிகளை இறக்கும் ஃபோர்க்லிஃப்டும்தான் உண்மையான சுமை. 4,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வலிமையுள்ள கான்கிரீட்டில் ஐந்து அங்குலம் போட்டு, கீழே தடித்த ஈரத்தடுப்புப் படலம் விரித்து, கண்டபடி விரிசல் விடாதிருக்க மறுநாளுக்குள் வெட்டுகோடுகளை இட்டுவிடுங்கள்.

சரிவு பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் வழக்கமாக அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் என்று வாசல் நோக்கிச் சரிவு கொடுப்பார்கள். 50 அடி ஆழத்தில் அது ஆறு அங்குலத்தைத் தாண்டும். அந்தத் தளத்தில் நிறுத்திய விமானம் தானாக உருளும். எடையும் ஈர்ப்புமையமும் அளக்கும் நாளில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டை வைத்து மட்டம் பார்க்க வேண்டியிருக்கும். வாசலை ஒட்டிய சில அடிகளுக்கு மட்டும் சரிவு கொடுத்து, மற்றதை மட்டமாக விடச் சொல்லுங்கள். வாசலுக்கு வெளியே உள்ள தளமான ஏப்ரன் உள்தளத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும்.

மின்தடம்

பட்டறைச் சுவர் வீண்செலவா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. நான் மின்வேலை உரிமம் பெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். இதனால்தான் அமெரிக்கத் தேசிய மின்விதியின் 513ஆம் பிரிவு, எரிபொருள் உள்ள விமானம் நிற்கும் ஹேங்கரின் தரையிலிருந்து 18 அங்குல உயரம் வரை முழுப் பரப்பையும் தீப்பற்றும் ஆவி சூழக்கூடிய இடமாகக் கொள்கிறது. எஞ்சினையும் எரிபொருள் தொட்டியையும் சுற்றிக் கிடைமட்டமாக ஐந்தடிக்குள் இருக்கும் பகுதிக்கும் அதே வகைப்பாடு. அது இறக்கையின் மேற்பரப்புக்கு மேலே ஐந்தடி வரை நீள்கிறது. ஹேங்கரோடு திறந்த தொடர்புடைய பக்கத்து அறைக்கும் அந்த 18 அங்குலம் பொருந்தும். அதாவது மூலையில் திரை கட்டிப் பட்டறை வைத்தால், கிரைண்டரின் தீப்பொறியும் கம்பிரஸரின் சுவிட்சும் அந்த எல்லைக்குள் வந்துவிடும். முழுச் சுவரால் துண்டிக்கப்பட்டு, நல்ல காற்றோட்டமும் உள்ள பட்டறையை விதி அந்த வகைப்பாட்டிலிருந்து விலக்குகிறது. எரிபொருளே ஏற்றப்படாத விமானம் மட்டும் இருக்கும் இடத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் நண்பரின் 182 முதல் நாளே நிறைந்த தொட்டிகளோடு வந்து நிற்கப்போகிறது.

தரைக்கு அடியில் செல்லும் வடிகால் பள்ளத்தை ஹேங்கருக்குள் வெட்டவே வேண்டாம். தரைமட்டத்துக்குக் கீழுள்ள பள்ளம் இதைவிடக் கடுமையான வகைப்பாட்டில் வருகிறது. கைக்கருவிகளுக்கான 125 வோல்ட் பிளக்குகள் எல்லாவற்றுக்கும் மின்கசிவு நேர்ந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பாதுகாப்பு தேவை. கம்பிரஸரைப் பட்டறைக்கு வெளியே, காற்றுத்தடுக்குகள் வைத்த சிறு அடைப்பில் வையுங்கள், சத்தமும் குறையும். அழுத்தக்காற்றுக்குப் பி.வி.சி. குழாய் போட வேண்டாம். அது உடையும்போது கத்தித் துண்டுகளாகச் சிதறும். செம்பு அல்லது அலுமினியக் குழாய் போட்டு, தாழ்ந்த முனையில் நீர்வடிப்பான் வையுங்கள். பிரைமர் அடிக்கும்போது ஒரு துளி நீர் வந்தாலும் அலுமினியத் தகட்டில் அந்த இடம் கொப்புளிக்கும்.

அடுத்தது, தங்கள் மனைவியாரின் விருப்பம். சர்வதேசக் கட்டட விதியில் குடியிருப்பு ஹேங்கர் என்று தனி வகை இருக்கிறது. பரப்பு 2,000 சதுர அடிக்கும் உயரம் 20 அடிக்கும் மேற்படக்கூடாது. வீட்டோடு ஒட்டினால் இடையில் ஒரு மணி நேரம் தீ தாங்கும் சுவர் வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்வதாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் செல்லும் கதவின் வாசற்படி தீப்பற்றாத பொருளால் நான்கு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். வெளியேற இரண்டு வழிகள் வேண்டும்; வீட்டுக்குள் திறக்கும் கதவு அவற்றில் ஒன்றாக மட்டுமே கணக்கில் வரும். மின்சாரமும் கழிவுநீரும் வீட்டிலிருந்து தனித்திருக்க வேண்டும். உங்கள் 50க்கு 50 ஹேங்கரே 2,500 சதுர அடி, பட்டறையோடு 3,500. அந்த அளவில் குடியிருப்பு வகையின் சலுகை போய், அது முழு விமான ஹேங்கராகவே பார்க்கப்படும். நகர எல்லைக்கு வெளியே கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் இதைப் பொருட்படுத்தாமல் விடலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனமும் ஏர்பார்க் சங்கமும் கேட்கும். வீட்டைத் தனியாகக் கட்டி, இடையில் கூரையிட்ட நடைபாதை போடுவதே என் யோசனை.

இறக்கைக்காரன்

ஜார்ஜியாவில் ஆர்வி-7 கட்டி முடித்தவன் என்ற முறையில் பட்டறை பற்றி மட்டும். 20 அடி அகலத்தில் சாய்கூரை என்கிறீர்கள். அடிக்கு ஓர் அங்குலச் சரிவு என்றாலும் வெளிச்சுவரில் 20 அங்குலம் இழப்பீர்கள். தாழ்ந்த பக்கத்தில் உட்கூரை பத்தடியாவது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கும் ஹேங்கருக்கும் இடையில் பத்தடி அகலத்துக்கு இறுக்கமாக மூடும் கதவு ஒன்று வையுங்கள். கிடைமட்ட வால்தளத்தைப் பொருத்தாத உடல்பகுதியைத் தன் சக்கரங்களில் நிறுத்தி அப்படியே தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

இன்சுலேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். வெறும் தகட்டுக் கூரை தெளிந்த இரவில் வானத்துக்கு வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் தகட்டின் அடிப்புறம் முத்து முத்தாக வியர்த்து, இறக்கையின் மேல் சொட்டும். ரிவெட் வரிசைகளை ஒட்டி அந்த நீர் உலர்ந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருக்கிறேன். வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வரும் நாட்களில், குளிர்ந்த கான்கிரீட் தளமே வியர்க்கும். அதற்கு அடியில் உள்ள படலம் உதவாது, மின்விசிறியும் ஈரநீக்கியும்தான் வேண்டும்.

வடக்கு_டெக்சாஸ்

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. வீட்டைத் தனியாகக் கட்டுவதற்கு என் மனைவியும் சம்மதித்துவிட்டார். மண்பரிசோதனைக்கு இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன். பட்டறைக்கு முழுச் சுவர், பத்தடிக் கதவு, 44க்கு 14 அடித் திறப்பு என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரே ஓர் ஐயம்: மண் அறிக்கை வந்த பிறகு யாரை முதலில் அணுக வேண்டும்? பைஃபோல்டு கதவு என்றால் திறப்பை எந்த உயரத்தில் கேட்க வேண்டும்?

இரும்புச்சட்டம்

மண் அறிக்கையோடு முதலில் கதவு நிறுவனத்திடம் செல்லுங்கள். அவர்களிடம் "மடிந்த நிலையில் 14 அடி தெளிவு வேண்டும்" என்று கூறுங்கள். சட்டத்தின் திறப்பு எவ்வளவு, தூண்களிலும் உத்தரத்திலும் எவ்வளவு விசை விழும் என்பதை அவர்கள் முத்திரையிட்ட வரைபடமாகத் தருவார்கள். அந்த வரைபடத்தை இரும்புக் கட்டட நிறுவனத்திடம் கொடுத்து, அதற்கேற்பச் சட்டத்தை வடிவமைக்கச் செய்யுங்கள். அவர்கள் தரும் நங்கூரப் போல்ட் வரைபடமும் தூண்விசைப் பட்டியலும் கைக்கு வந்த பிறகுதான் உங்கள் ஊர்ப் பொறியாளர் அடித்தளத்தை வரைய முடியும். அதற்கு முன் கான்கிரீட் ஊற்றத் தேதி கொடுக்க வேண்டாம். பக்கத்தில் பொதுப் பயன்பாட்டு விமான நிலையம் ஏதேனும் இருந்தால், வேலை தொடங்குவதற்கு 45 நாட்களுக்கு முன்பு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம், கட்டுமானத்தை அறிவிக்கும் 7460-1 படிவம் தர வேண்டியிருக்கலாம். தூரத்தையும் உயரத்தையும் கொடுத்தால் அவர்களின் இணையதளமே தேவையா இல்லையா என்று சொல்லிவிடும்.