சைலிட்டால் பேஸ்ட்: ஃபுளோரைடு இல்லாமல் போதுமா?

மழைத்துளி:
புதிதாக வாங்கிய பேஸ்ட் டப்பாவின் முன்பக்கம் "இயற்கை சைலிட்டால், நொதித்தல் முறையில் தயாரித்தது" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. சைலிட்டால் என்றால் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் ஓர் இனிப்பாம். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் "ஃபுளோரைடு இல்லை". தொட்டியில் ஈஸ்ட் போட்டு எடுப்பதை எப்படி இயற்கை என்கிறார்கள்? அதைவிட, இது சொத்தையைத் தடுக்குமா? ஆறு வயதுப் பையனும் இதில்தான் பல் தேய்க்கிறான், அதனால் கேட்கிறேன்.

கரிமம்:
முதல் கேள்விக்கு மட்டும் நான். சைலிட்டால் பழங்களில் துளியூண்டு இருக்கிறது, பிழிந்து எடுத்துக் கட்டுப்படியாகாது. வழக்கமாக மக்காச்சோளச் சக்கையையோ பிர்ச் மரத்தூளையோ அமிலத்தில் வேகவைத்து சைலோஸ் என்ற சர்க்கரையைப் பிரித்து, அதைச் சுத்தம் செய்து, நிக்கல் வினையூக்கி போட்டு உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனை ஏற்றுவார்கள். நொதித்தல் முறையில் இந்தக் கடைசி வேலையை மட்டும் ஈஸ்ட் செய்கிறது, 30 டிகிரிச் சூட்டில், அழுத்தம் எதுவும் இல்லாமல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், கிடைக்கிற கரைசல் நீர்த்திருக்கும், அந்தத் தண்ணீரையெல்லாம் ஆவியாக்கிப் படிகமாக்க எரிசக்தி வேண்டும். போதாததற்கு, சக்கையை வேகவைக்கும்போது உண்டாகும் ஃபர்ஃபுரால் என்ற வேதிப்பொருள் ஈஸ்ட்டையே முடக்கிவிடும். ஆகவே நொதித்தல் என்று போட்டாலே பசுமை என்று நம்ப வேண்டாம். எப்படி வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான், பல்லுக்கு வித்தியாசம் தெரியாது.

கடைவாய் (பல் மருத்துவர்):
பையனுக்கு ஃபுளோரைடு பேஸ்ட்டே கொடுங்கள். ஃபுளோரைடு அளவு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) என்று போட்டிருக்கும், பட்டாணி அளவு போதும், விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள்.

சைலிட்டால் சும்மா இல்லை. சொத்தைக்குப் பெரிய காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் விடும், வாயில் பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். சைலிட்டாலிலிருந்து அதனால் அமிலம் தயாரிக்க முடியாது. சரி, ஆனால் கரைந்த இடத்தில் கனிமம் திரும்பப் படிய உதவுவது ஃபுளோரைடுதான். 1970களில் ஃபின்லாந்தின் துர்க்குவில் நடந்த ஆய்வைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். அங்கே சாப்பாட்டில் சர்க்கரைக்குப் பதிலாகவே சைலிட்டாலைக் கொடுத்தார்கள். தேய்த்துத் துப்புகிற பேஸ்ட்டோடு அதை ஒப்பிட முடியுமா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 அலசலில் ஃபுளோரைடோடு சைலிட்டாலும் சேர்ந்த பேஸ்ட் சொத்தையை 13 சதவீதம் கூடுதலாகக் குறைத்தது, அதற்கும் ஆதாரத்தின் தரம் குறைவு என்றே எழுதியிருக்கிறார்கள். ஒப்பிட்ட இரண்டு பேஸ்ட்டிலுமே ஃபுளோரைடு இருந்தது, அதைக் கவனியுங்கள்.

வேர்க்கால்:
கரிமம் சார், நொதித்தலை இவ்வளவு மட்டம் தட்ட வேண்டாமே. மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினின் செடியிலிருந்து வருவது, ஒரு வருஷம் தட்டுப்பாடு, அடுத்த வருஷம் தேங்கிக் கிடக்கும். அமெரிக்க விஞ்ஞானி ஜே கீஸ்லிங் ஆரம்பித்த வேலையில் 2013க்குள் ஈஸ்ட் ஒரு லிட்டருக்கு 25 கிராம் ஆர்ட்டெமிசினிக் அமிலம் (மருந்துக்கு முந்தைய படி) கொடுத்தது, மிச்சத்தை வேதியியல் பார்த்துக்கொண்டது. புற்றுநோய் மருந்து பாக்ளிடாக்சலுக்கு முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையை உரித்தார்கள், உரித்தால் மரம் செத்துவிடும். இப்போது யூ மரச் செல்களைத் தொட்டியில் வளர்த்தே எடுக்கிறார்கள்.

கரிமம்:
மருந்தில் மறுக்கவில்லை. கிராம் கணக்கில் விலை போகிற சரக்குக்கு அது கட்டுப்படியாகும், டன் கணக்கில் விற்கிற இனிப்புக்கு அதே கணக்கு ஓடாது.

மழைத்துளி:
பையனுக்கு மாற்றிவிடுகிறேன். மிச்ச டப்பாவை நானே தீர்த்துக்கொள்ளலாமா?

கடைவாய்:
தாராளமாக, ஃபுளோரைடு பேஸ்ட்டையும் விடாமல். வீட்டில் நாய் இருந்தால் டப்பா எட்டாத உயரத்தில் இருக்கட்டும், சைலிட்டால் நாய்க்கு விஷம், இன்சுலின் எகிறி ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.