பேக்கர் ஏற்றத்தில் அணைந்துபோகும் 1969 மஸ்டாங்: பம்ப், காயில் எல்லாம் மாற்றியாச்சு, இன்னும் என்ன பாக்கி?

மஞ்சள் மஸ்டாங்:

வணக்கம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறேன். வண்டி 1969 மஸ்டாங் மாக் 1. 351 விண்ட்சர் எஞ்சின், ரெண்டு பேரல் கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஊருக்குள் எத்தனை நேரம் ஓட்டினாலும் தங்கமாக ஓடும். வெளியூர் என்று கிளம்பினால்தான் வம்பு.

ஜூலையில் குடும்பத்தோடு வேகாஸுக்குக் கிளம்பினோம். பார்ஸ்டோவில் டேங்கை நிரப்பினேன். அங்கிருந்து பேக்கர் என்ற பாலைவன ஊர் 60 மைல் சொச்சம், 65 மைல் வேகத்தைத் தாண்டவே இல்லை. பேக்கரில் அந்த 134 அடி உயரத் தெர்மாமீட்டர் 108 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டிக்கொண்டு நின்றது. அதைத் தாண்டி ஏற்றம். பத்துப் பன்னிரண்டு மைல் ஏறியிருப்பேன், வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுக்கிற மாதிரி தளர்ந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் மோசம். கடைசியில் அணைந்தே போய்விட்டது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் இருந்தது, ரேடியேட்டர் கொதிக்கவில்லை.

20 நிமிடம் ஓரமாக நின்றோம். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. ஆறேழு மைல் போனதும் மறுபடி அதே கதை. போதும் என்று திரும்பி பேக்கருக்கே இறங்கிவிட்டேன். அங்கே பெட்ரோல் போடும்போது டிக்கிக்குள் சூட்கேஸ் வேறு டொம்மென்று சரிந்தது. அன்றைக்கு எதுவுமே சரியில்லை. அப்புறம் பார்ஸ்டோவில் இன்னொரு தடவை நிறுத்தி பெட்ரோல் போட்டு வீடு வந்து சேரும் வரை ஒரு இருமல்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒரு பழுதுபார்க்கும் கடையில் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் மூன்றையும் மாற்றினார்கள். கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவி மாட்டினார்கள். பில் நீளமாக வந்தது, வியாதி போகவில்லை. அக்டோபரில் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்கு இதே வண்டியில் போவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

நாலு பேரல்:

யோசிக்கவே வேண்டாம், வேப்பர் லாக். இந்த எஞ்சின்கள் வடிவமைக்கப்பட்ட காலத்துப் பெட்ரோல் வேறு, இன்றைக்குக் கிடைக்கும் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. இது சீக்கிரம் ஆவியாகும். பம்ப் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது, எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்துக் குமிழியாகிவிடும். பம்ப் குமிழியைத் தள்ளிக்கொண்டிருக்கும், கார்புரேட்டருக்கு ஒன்றும் போகாது. 20 நிமிடம் ஆறினால் சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, அதுவே சாட்சி.

குழாய்க்கு வெப்பம் தாங்கும் உறை போடுங்கள், கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் ஃபினாலிக் ஸ்பேசர் வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டேங்க் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் பம்ப். பழைய ஆட்கள் குழாயில் மரத்தாலான துணி கிளிப்பை வரிசையாக மாட்டுவார்கள். சிரிக்காதீர்கள், நானே மாட்டியிருக்கிறேன். பலன் இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

புதுசு வாங்கலாமே:

மஸ்டாங் மசில் கார் இல்லை, போனி கார், அதாவது குட்டிக் குதிரை. அதனால்தான் குதிரை மலையேற மறுக்கிறது.

சாலைக்கிளி:

மேலே உள்ளவர் குதிரையோடு போகட்டும். மஞ்சள் மஸ்டாங், மூன்று கேள்வி.

ஒன்று, குளிரில் எப்போதாவது இப்படி நின்றிருக்கிறதா? ரெண்டு, ஒவ்வொரு தடவையும் கடைசியாகப் பெட்ரோல் போட்ட இடத்திலிருந்து எத்தனை மைலில் நிற்கிறது? மூன்று, நின்ற உடனே கார்புரேட்டரைத் திறந்து பார்த்தீர்களா?

மூன்றாவதுதான் முக்கியம். அணைந்த கையோடு, சாவியை ஆஃப் செய்துவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கையால் த்ராட்டிலை ஒரு தடவை தள்ளுங்கள். உள்ளே ரெண்டு நூல் மாதிரி பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் பெட்ரோல் இருக்கிறது, ஸ்பார்க் பக்கம் தேடுங்கள். வறண்டிருந்தால் பெட்ரோல் வரவில்லை, காயிலைத் திட்டிப் பயனில்லை. இதைப் பார்க்காமலே அந்தக் கடையில் ரெண்டு பக்கத்துப் பாகங்களையும் மாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

அப்புறம், குமிழி தெரியட்டும் என்று எஞ்சின் மேலே பிளாஸ்டிக் ஃபில்டர் எதையும் மாட்டி ஓட்டாதீர்கள். எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில் அது வேண்டாத வேலை.

மஞ்சள் மஸ்டாங்:

நன்றி அக்கா. குளிர் என்றதும் நினைவு வந்தது. ஜனவரியில் ஒரு தடவை டெஹாச்சாபி மலைப்பாதை ஏறும்போது இதே மாதிரி தளர்ந்தது. வெளியே 50 டிகிரிகூட இருக்காது, ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். அப்போது அழுக்குப் பெட்ரோல் என்று நினைத்துவிட்டேன்.

மைல் கணக்கு இதுவரை போட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் பெட்ரோல் போட்டு 70, 80 மைலுக்குள் நிற்கிறது, அதுவும் ஏற்றத்தில். சமதரையில் ஒரு தடவையும் இல்லை. கார்புரேட்டரை அந்த நேரத்தில் பார்த்ததில்லை. சனிக்கிழமை மறுபடி ஏறிப் பார்க்கிறேன், தனியாக.

நாலு பேரல்:

ஜனவரி என்றாலும் வேப்பர் லாக்கை விட்டுவிட முடியாது. குளிர்காலப் பெட்ரோலைச் சீக்கிரம் ஆவியாகிற மாதிரிதான் கலக்கிறார்கள், குளிரில் ஸ்டார்ட் ஆக வேண்டுமே. ஆனால் 50 டிகிரி கொஞ்சம் இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மஞ்சள் மஸ்டாங்:

சனிக்கிழமை போய் வந்தேன். கிட்டத்தட்ட அதே இடம், அதே தளர்ச்சி. அக்கா சொன்னபடி உடனே திறந்து டார்ச் அடித்தேன். எலும்பு மாதிரி வறண்டு கிடந்தது. த்ராட்டிலைத் தள்ளினால் காற்றுகூட வரவில்லை. ஆக, பெட்ரோல்தான் வரவில்லை. புது பம்ப், புது ஃபில்டர். இனி என்ன, டேங்கையே இறக்குவதா?

பழைய பாயின்ட்:

டேங்கை இறக்காதே தம்பி, பொறு. முதலில் இருந்து படித்தேன். நீ எழுதியதில் ஒரு வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். சூட்கேஸ் டொம்மென்று சரிந்தது என்றாயே, நின்றுகொண்டிருக்கிற வண்டியில் சூட்கேஸ் எப்படிச் சரியும்?

உன் வண்டியில் டிக்கித் தரையே பெட்ரோல் டேங்கின் மேல் தகடுதான். அந்தக் காலத்து மஸ்டாங்கில் டேங்கை மேலிருந்து இறக்கி, ஓரத்தில் திருகு போட்டு உட்கார வைத்திருப்பார்கள். விரிப்பைத் தூக்கிப் பார், தெரியும். அந்தத் தகடு உள்பக்கம் உறிஞ்சப்பட்டிருந்து, நீ மூடியைத் திறந்ததும் காற்றுப் புகுந்து பழைய இடத்துக்குத் துள்ளினால் வருகிற சத்தம் அது. எண்ணெய் டின்னின் அடியை அழுத்திவிட்டால் வருமே, அதே சத்தம்.

இப்போது சொல், பெட்ரோல் மூடி பழையதா, நீ மாற்றியதா?

மஞ்சள் மஸ்டாங்:

அண்ணா, எனக்கு வியர்க்கிறது. வாங்கின முதல் மாதமே மாற்றினேன். பழைய மூடி குரோம் உரிந்து அசிங்கமாக இருந்தது. பளபளவென்று ஒன்று வாங்கி மாட்டினேன், கச்சிதமாகப் பொருந்தியது. மூடிக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது?

பழைய பாயின்ட்:

சம்பந்தம் இருக்கிறது. டேங்கிலிருந்து ஒரு காலன் பெட்ரோல் வெளியே போனால், அந்த இடத்துக்கு ஏதாவது உள்ளே வர வேண்டும். உன் வண்டி மூடி வழியாக மூச்சு விடுகிற வண்டி. பெட்ரோல் ஆவி காற்றில் கலக்கக் கூடாது என்ற விதி கலிபோர்னியாவில் 1970 மாடல்களுக்கும், நாடு முழுக்க 1971 மாடல்களுக்கும் வந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில் ஆவி அதைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குப் போகும், அல்லது அந்த மாதிரி வேறொரு ஏற்பாடு இருக்கும். அவற்றுக்கு அடைத்த மூடிதான் சரி. பார்ப்பதற்கு ரெண்டும் ஒன்றே போல இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது கச்சிதமாக உட்காரவும் செய்யும்.

ஊருக்குள் ஏன் தெரியவில்லை என்றால், எந்த மூடியும் நூறு சதவீதம் அடைக்காது. ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும், மெதுவாக ஓட்டும்போது அது போதும். 65 மைல் வேகத்தில் காலனுக்கு 15 மைல் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு நாலு காலனுக்கு மேல் குடிக்கிறது. ஏற்றத்தில் மிதித்தால் அதற்கும் மேலே. அந்தக் கசிவு ஈடு கொடுக்காது. டேங்குக்குள் உறிஞ்சல் கூடிக்கொண்டே போய், பம்ப் இழுக்கிற இழுப்புக்குச் சமமாகிவிடும். ஓரமாக நிறுத்தி 20 நிமிடம் நின்றாயே, அந்த நேரத்தில் காற்று மெள்ளக் கசிந்து உள்ளே போயிருக்கும். ஆறியதால் சரியானது என்று நீ நினைத்தாய்.

வேப்பர் லாக் என்று சொன்னவரும் பாதி சரி. உறிஞ்சலில் இருக்கிற பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஜூலையில் ரெண்டும் சேர்ந்துகொண்டது, ஜனவரியில் உறிஞ்சல் மட்டும்.

நான் சொல்வதை நம்பி மூடி வாங்காதே, முதலில் சோதி. அடுத்த தடவை நின்றதும் எஞ்சினை அணைத்துவிட்டு, காத்திராமல் நேராகப் பின்னால் போ. மூடி ஓரத்தில் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திற. காகிதம் உள்ளே இழுபட்டால் மூடிதான் குற்றவாளி. வெளியே பறந்தால் அது சூட்டில் சேர்ந்த ஆவி, என் கணக்கு தப்பு. சிகரெட் வாயில் இருந்தால் துப்பிவிட்டுப் போ.

சாலைக்கிளி:

அந்த டொம்மை நான் கவனிக்கவே இல்லை, தலை வணங்குகிறேன். என்னுடைய கார் 1972 கட்லஸ், அடைத்த மூடி, கரி டப்பா. பதினைந்து வருடமாக மூடியைப் பற்றி யோசித்ததே இல்லை, அதனால்தான் எனக்கு எட்டவில்லை.

மஞ்சள் மஸ்டாங்:

மூன்றாவது தடவை பேக்கர். அந்தத் தெர்மாமீட்டருக்கு என் முகம் பழகியிருக்கும்.

நின்றதும் காகிதத்தோடு பின்னால் ஓடினேன். மூடியைக் கால் திருப்புகூடத் திருப்பவில்லை, உஸ்ஸென்று ஒரு நீண்ட மூச்சு. காகிதம் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு மூடியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் டிக்கிக்குள் டொம். இந்தத் தடவை உள்ளே சூட்கேஸ் இல்லை.

மூடியைத் தளர்வாக வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். பத்து விநாடிபோல சுழன்றது, பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம்கூட ஆறவிடவில்லை. தளர்ந்த மூடியோடு மேலே ஏறத் துணிச்சல் இல்லை, மெதுவாக இறங்கி வந்துவிட்டேன்.

மூச்சு விடும் மூடிக்கு ஆர்டர் போட்டாச்சு. மாற்றிக் கழற்றிய பழைய பம்ப், காயில் ரெண்டும் வீட்டில் இருக்கின்றன. ரெண்டும் நல்ல உடம்போடு இருந்தவை என்று இப்போது புரிகிறது.

சாலைக்கிளி:

அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், கேன்யனுக்கு அதுதான் ஸ்பேர். கூடவே ஒரு ஃபேன் பெல்ட், மேல் ரேடியேட்டர் ஹோஸ், ஸ்பார்க்குக்கான பாயின்ட்டும் கண்டென்சரும் ஒரு செட். நீட்ல்ஸ் 500 அடி உயரம், ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடியை ஒட்டி. போகிற வழியெல்லாம் ஏறிக்கொண்டுதான் இருப்பீர்கள். திரும்பும்போது இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதி இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருடம். பட்டன் பளபளப்பாக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

நாலு பேரல்:

துணி கிளிப் யாருக்காவது வேண்டுமா? ரெண்டு டஜன் இருக்கிறது.

மஞ்சள் மஸ்டாங்:

புது மூடி மாட்டி ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். பேக்கரிலிருந்து ஹாலோரன் உச்சி வரை, அதுவும் தாண்டி மவுண்டன் பாஸ் 4,730 அடி வரை நிற்கவே இல்லை. மேலே போய் மூடியைத் திறந்தேன். உஸ் இல்லை, டொம் இல்லை.

ஒரே ஒரு சின்னச் சந்தேகம் அண்ணா. பார்ஸ்டோவில் டேங்கை வழிய நிரப்பிவிட்டுச் சாலையில் ஏற ஒரு மிதி மிதித்தேன். பின் பம்பரில் பெட்ரோல் ஈரம். மூடியிலிருந்து ஒழுகியிருக்கிறது. இந்த மூடியும் தப்போ?

பழைய பாயின்ட்:

மூடி சரிதான் தம்பி. காற்று உள்ளே போகிற வழியில் பெட்ரோல் வெளியே வரத்தான் செய்யும். நீ மிதித்தால் டேங்கில் இருப்பதெல்லாம் பின்னால் சாய்கிறது, மூடி அங்கேதான் இருக்கிறது. 20 காலன் டேங்கில் 18 போட்டு நிறுத்து. பம்ப் துப்பாக்கி டிக்கென்று நின்ற பிறகு மறுபடி அழுத்தாதே.

அதோடு, இத்தனை தடவை உள்ளே உறிஞ்சப்பட்ட தகடு அது. விரிப்பைத் தூக்கி, டேங்க் ஓரத்து மடிப்பில் வெள்ளைத் துணியால் சுற்றித் துடைத்துப் பார். ஈரமோ வாசனையோ இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் எழுது.

மஞ்சள் மஸ்டாங்:

துடைத்தேன் அண்ணா. துணியில் தூசி மட்டும்தான்.